ஆமாங்க என்று நான் சொன்னது

தம்பி,

நேற்று என் வீட்டுக்காரரை, அதான் உன் மாமாவை, முட்டி வலிக்காக இங்கே சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டே வந்த நர்ஸ் பெண் தலையைத் தூக்காமல் என்னைக் கேட்டாள்: "குடி, சிகரெட் ஏதாவது பழக்கம் இருக்காம்மா?" மாமாவுக்கு வெற்றிலை கூடக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். இருந்தும் எனக்கு வாய் வரவில்லை. "அவரையே கேளுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. "எதுவும் இல்லீங்க" என்று அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் போலவே இருக்கிறது.

ஆறு வயதிலேயே நீ அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுவாய். அதற்கு மேல் ஒரு வாய் ஊட்டினாலும் கொல்லைப் பக்கம் ஓடுவாய். கடலூரில் நம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் எல்லோரும் உன்னை நோஞ்சான் என்றார்கள். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கைக்குழந்தையாய் இருந்தபோது குடித்த பாலைப் பச்சை நிறமாகக் கக்குவாய் என்று அம்மா சொல்வாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இங்க யாரோ இறுக்கிக் கட்டுன மாதிரி இருக்குக்கா" என்று தொப்புளுக்கு மேலே தொட்டுக் காட்டியிருக்கிறாய். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை நான் ஒருநாளும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்பாவை மட்டும் நன்றாகச் சேர்த்துப் பார்த்து வைத்திருந்தேன். அவர் குடித்து, வாந்தியெடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்து செத்தபோது எனக்குப் பத்தொன்பது, உனக்குப் பதினொன்று. அதன் பிறகு வாந்தி என்றாலே எனக்கு ஒரே காரணம்தான்.

உன் முப்பத்தோராவது வயதில் முதல் பெரிய வலி வந்தது. நான் பஸ் பிடித்துக் கடலூர் வருவதற்குள் அம்மா உன்னை ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். அப்பா படுத்த மாதிரியே முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கிடந்தாய். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "கணையம் வீங்கியிருக்கு. குடிக்கிறவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி வரும்" என்றார். நீ வலியோடு தலையை ஆட்டி, "நான் குடிக்க மாட்டேங்க" என்றாய். அவர் உன்னை விட்டுவிட்டு என்னை அறைக்கு வெளியே கூப்பிட்டார்.

"நீங்க சொல்லுங்க. குடிப்பாரா?"

நான் உன் வாயில் ஒருநாளும் வாடை கண்டதில்லை. உன் கையில் ஒரு பாட்டிலைப் பார்த்ததில்லை. ஆனாலும், "ஆமாங்க, குடிப்பான்னு நெனைக்கிறேன்" என்றேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன். அம்மாவிடம் மட்டும் அன்றே அதைச் சொல்லிவைத்தேன். அவர் 'நெனைக்கிறேன்' என்பதை விட்டுவிட்டு மீதியை எழுதிக்கொண்டார்.

அப்போது நீ தேவனாம்பட்டினம் பிள்ளைகளை ஏற்றிப் போகும் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாய். பிள்ளைகள் உன்னை வேன் மாமா என்று கூப்பிடும். அடுத்த வருஷம் ஒருநாள் காலையில், வண்டியை ஓரங்கட்டி இறங்கி வாந்தியெடுத்திருக்கிறாய். யாரோ ஒரு பிள்ளையின் தாய் பார்த்துவிட்டாள். பள்ளியில் உன்னிடமிருந்த மருத்துவத் தாளைக் கேட்டார்கள். உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, கொண்டுபோய்க் கொடுத்தாய். அதில் நான் சொன்னது ஆங்கிலத்தில் இருந்தது. மறுநாள் முதல் வேறு ஆள் வண்டி எடுத்தான். பண்ருட்டியில் பேசி முடித்திருந்த பெண் வீட்டிலும், "பையனைப் பத்தி ஒரு மாதிரி கேள்விப்பட்டோம்" என்று நிறுத்திவிட்டார்கள். நீ துறைமுகம் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாய். பொங்கலுக்கு வரிசை கொண்டுவந்தபோதும் வாசலோடு திரும்பினாய். குடிப்பவன் அக்கா முகத்தில் விழிக்கக் கூச்சப்படுகிறான் என்று நான் மாமாவிடம் சொன்னேன். அதையும் உன்னிடம் இன்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷம் அப்படியே போனது. வலி வரும்போதெல்லாம் உன்னைச் சேர்த்தார்கள், பழைய தாளைப் புரட்டினார்கள், குடியை விடச் சொல்லி அனுப்பினார்கள். நாற்பது கிலோவாகிவிட்டாய். அம்மாதான் போனில் அழுதாள்: "இந்த வாட்டி நீ வந்து இட்டுக்கினு போ. என்னால முடியல."

உன்னை எங்கள் ஊருக்கு அழைத்து வந்தேன். இங்கே சிதம்பரத்தில் உன்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"குடிப்பீங்களா?"

"இல்லங்க."

"எப்பனா ஒரு தடவை?"

"தொட்டதே இல்லங்க. எங்கப்பா அதுலதான் போனாரு."

 இன்னொரு முறை கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "சரி. சின்ன வயசுல சாப்பாடு எப்படி? வாந்தி வருமா?"

 இரண்டு கேள்வியில் ஒரு அந்நியப் பெண் உன்னை நம்பிவிட்டாள்.

ஸ்கேன் எடுத்த பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரு தாளில் வரைந்து காட்டினார். "கணையம் தாய் வயித்துல ரெண்டு துண்டா மொளைக்கும்மா. ஒண்ணு சுத்தி வந்து இன்னொண்ணோட சேரணும். இவருக்கு அது சரியா சுத்தி வரல. இரைப்பைக்குக் கீழ, சிறுகுடல் ஆரம்பிக்கிற எடத்தை வளையம் மாதிரி புடிச்சிக்கிச்சி. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். ரொம்ப அபூர்வமா சிலருக்கு இருக்கும். சாப்பாடு எறங்க வழி சின்னது. கணையமும் அதனாலதான் வீங்கி வீங்கிப் பழுதாகியிருக்கு."

நீ அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "அப்ப நான் நோஞ்சான் இல்ல" என்றாய். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வளையத்தை வெட்ட முடியாதாம், வெட்டினால் கணைய நீர் கசிந்து உள்ளே புண்ணாக்கிவிடுமாம். அதை அப்படியே விட்டு, உணவு போக வேறொரு வழி வைத்துத் தைத்தார்கள். ஆறாம் நாள் முதல் கஞ்சி கொடுக்கச் சொன்னபோது, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உன்னிடம் சொன்னேன்.

"மொத மொத கடலூர்ல அந்த டாக்டர்கிட்ட நீ குடிப்பன்னு சொன்னது நான்தான்டா."

"தெரியும்க்கா. வேன் போனப்பவே அந்தத் தாளைப் படிச்சிட்டு அம்மாகிட்ட கேட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சண்டையாயிருக்கும். கோவம் இருந்திச்சி. ஜாஸ்தியாவே இருந்திச்சி. அதான் வரல."

"இப்ப?"

நீ டம்ளரைக் காட்டினாய். "இப்பப் பசிக்குதுக்கா. அத மொதல்ல குடு."

மன்னித்தேன் என்று நீ சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

அதன் பிறகு எட்டு மாதம் எங்கள் வீட்டிலேயே இருந்தாய். தம்பி, அந்த எட்டு மாதம் போல ஒரு காலம் நம் இருவருக்கும் இருந்ததில்லை. ஆனித் தேர் அன்று காலையில் கீழ வீதியில் நின்று தேர் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். நான்காவதாக இலையைக் காட்டி, "இன்னுங் கொஞ்சம் போடுக்கா, சும்மா பாக்கலாம்" என்றபோது என் மகள் சிரித்துவிட்டாள். மாமா தன் இலையில் கைவைக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியோடு சமையலறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

கார்த்திகையில் மறுபடி வலி வந்தது. பழுதான கணையம் எப்போது வேண்டுமானாலும் வீங்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாய். ஒன்பதாம் நாள் வரைக்கும் நான் கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாய்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த டாக்டரிடம் கேட்டேன். "மொத வலி வந்தப்பவே கண்டுபுடிச்சிருந்தா?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இவ்ளோ பழுதாகாம இருந்திருக்கலாம்." எனக்காக அவர் பொய் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில், பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம், "அப்பன் போன வழியிலேயே புள்ளையும் போயிட்டான், என்ன பண்றது" என்றார். கூட்டத்தில் வாயே திறக்காத நான் அன்று எழுந்தேன். "அவன் ஒரு சொட்டு குடிச்சதில்ல பெரியப்பா. பொறக்கும்போதே அவன் கொடலைச் சுத்திக் கணையம் இருந்திச்சி. குடிக்கிறான்னு பொய் சொன்னது நானு."  பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நீ இருக்கும்போது உன் பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பெண் வீட்டுக்கும் போய் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தினமும் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறாள்: "என் வயித்துலயேவா அப்படி ஆச்சி? நான் ஏதாவது ஆகாதத தின்னுட்டனா?"

"இல்லம்மா. அது தானா அமையறது. யாரு தப்பும் இல்ல" என்கிறேன். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மை. அம்மாவின் முகம் சற்றுத் தெளியும். போய்ப் படுத்துக்கொள்வாள்.

அதே பதிலை எனக்கும் சொல்லிக்கொள்ளலாமே என்கிறார் உன் மாமா. உன் உடம்பு அப்படி அமைந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. நீ இல்லை என்று சொன்னபோது நான் ஆமாம் என்று சொன்னதற்கு நான் பொறுப்பு. அம்மாவிடமிருந்து அந்தப் பாரத்தை இறக்கி வைக்க என்னால் முடிகிறது, தம்பி. என்னுடையதை நான் இறக்கி வைக்கவில்லை.

உன் அக்கா