பச்சை நூலில் எட்டு முடிச்சு

பிரமாதி வருஷம், கார்த்திகை மாசம், வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி கண்ணாத்தாளுக்கு ஆத்தா அங்கம்மாள் மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நானும் எருமையும் தறியும் ஈசுவரன் புண்ணியத்தில் நல்லா இருக்கோம். அங்கே நீயும் ரயில் உத்தியோகத்தில் இருக்கிற மாப்பிள்ளை அப்புசாமியும் உன் வயித்தில் இருக்கிற சிசுவும் சுகம்னு காயிதம் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உங்கண்ணன் இருந்தவரைக்கும் நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். இப்போ நானே எழுதுகிறேன். ரெண்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாத்தான் இருக்கும், மாப்பிள்ளை பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீ போட்ட காயிதம் வந்து பன்னெண்டு நாள் ஆச்சு. ஊட்டைப் பூட்டிப்போட்டு கரக்பூருக்கே வந்துரு ஆத்தா, ஒண்டியா அங்கே உட்கார்ந்து அண்ணனை நினைச்சு அழுதுட்டு இருக்கிறதுக்கு இங்கே வந்து என் கூட இருன்னு எழுதியிருந்தாய். உடனே பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே அம்மணி. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நெருங்கிட்டு இருந்தது, அது என்ன ஆகுதுன்னு பார்த்துப்போட்டுத்தான் உனக்கு எழுதோணும்னு இருந்தேன். நேத்தைக்கு வந்துவிட்டுப் போனார். ஜெயிச்சுப்போட்டோம் கண்ணு. நீ தொலைவில் இருக்கிறாய், உனக்கு ஒண்ணும் தெரியாது, அதனால் ஆதியிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உங்கண்ணன் செங்கோடன் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒத்தை வாத்தியாரா இருந்து நாலு வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தது உனக்குத் தெரியும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடையா நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு அலமாரி நிறையப் புத்தகம் சேர்த்தானே, அதுவும் தெரியும். ஆனால் அதை அவன் என்ன பண்ணி வெச்சிருந்தான்னு உனக்குத் தெரியாது. ஒண்ணாம் வகுப்புப் புள்ளைக்குப் புத்தகத்தின் பேரைப் படிக்கத் தெரியாதில்லையா, அதனால் ஒவ்வொரு புத்தகத்திலும் நம்ம தறியில் மீந்த சாயநூலைக் கட்டினான். ஒண்ணாம் வகுப்புக்கு மஞ்சள், ரெண்டாம் வகுப்புக்குச் சிவப்பு, மூணாம் வகுப்புக்கு நீலம், நாலாம் வகுப்புக்குப் பச்சை. நூலில் எத்தனை முடிச்சோ அத்தனையாவது பாடத்துக்கு அந்தப் புத்தகம். மூணாம் பாடம் குருவின்னா, அந்தப் பாடம் முடிஞ்ச வாரம் மூணு முடிச்சுப் புத்தகத்தைப் புள்ளைங்களே போய் எடுத்து வரும், அதில் குருவி எப்படிக் கூடு கட்டுதுன்னு இருக்கும். அதுக்குன்னு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி புத்தக மணின்னு பேர் வெச்சிருந்தான். பாடம் வெறுஞ்சோறு ஆத்தா, அலமாரியில் இருக்கிறது குழம்பு, ரெண்டையும் பிசைஞ்சு கொடுத்தாத்தான் உள்ளே போகும்பான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன் பாடத்தைச் சொல்லுவான், நான் தறியில் பாவு நூல் பிணைக்கிற கையால் முடிச்சுப் போடுவேன். நாப்பத்தி மூணு புத்தகத்துக்கும் முடிச்சுப் போட்டது நான்தான். உள்ளே என்ன இருக்குதுன்னு ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டு எனக்குப் பாதி மனப்பாடம்.

போன வருஷம் புரட்டாசியில் சரஸ்வதி பூசைக்கு, காய்ச்சலோடவே எந்திரிச்சுப் போய், அந்தப் புத்தகத்தையெல்லாம் அலமாரிக்குள்ளேயே அடுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சு, புள்ளைங்களுக்குப் பொரிகடலை கொடுத்துவிட்டு வந்து படுத்தான். மறுநாள் விஜயதசமி, புத்தகத்தை எடுத்துப் படிக்கிற நாள். அன்னைக்குக் காத்தால அவன் போயிட்டான். அதுக்கு மேல் உனக்கே தெரியும், தந்தி வந்து நீ அழுத அழுகை எனக்கு இங்கே கேட்டது.

கருமாதி முடிஞ்சதும் நான் ஒரு காரியம் பண்ணினேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த அலமாரியைப் பூட்டி, சாவியை என் மடியில் முடிஞ்சுக்கிட்டேன். பூசையில் வெச்சவன்தான் எடுக்கோணும், என் மகன் வெச்ச கையோடு அது அப்படியே இருக்கட்டும், யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். புள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எவன் எதிர்த்துப் பேசுவான். தற்காலிகமா வந்த வாத்தியாரும் வம்பு எதுக்குன்னு விட்டுவிட்டார். ஒரு வருஷம் அப்படியே கிடந்தது சாமி. எனக்கு அது தப்பாவே தெரியலை. அந்த அலமாரி பூட்டிக் கிடக்கிறவரைக்கும் அவன் பூசையை முடிச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டு இருக்கிற மாதிரி ஒரு நெனப்பு.

இந்த ஆனி மாசம் புது டீச்சர் வந்தாங்க. சாரதாமணின்னு பேர், சேலத்தில் டிரெயினிங் முடிச்சவங்க, நம்ம ஊட்டு முன்னறையில்தான் குடியிருக்காங்க. ஒல்லியா இருந்தாலும் வாய் மட்டும் ரெண்டு ஆள் வாய். ஆவணியில் இன்ஸ்பெக்டர் வந்தார், அலமாரியைத் தொறக்கச் சொன்னார், சாவி என்கிட்டே, நான் தரமாட்டேன்னு நின்னேன். அவர் ஒண்ணும் கத்தலை. புத்தகம் இருந்தும் இந்தப் பள்ளியில் உபயோகம் இல்லை, கார்த்திகையில் மறுபடி வருவேன், அப்பவும் இப்படியே இருந்தால் எல்லாத்தையும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வண்டியேத்தி அனுப்பிவிடுவேன்னு எழுதி வெச்சுட்டுப் போனார். அன்னைக்கே பக்கத்து ஊட்டு ஆராயி, நான் தண்ணிக்குப் போகிற வழியில், மகனைத்தான் எமன் கொண்டு போனான், மகன் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டது அங்கம்மாதான்னு காது கேட்கச் சொன்னாள். குடத்தைத் தூக்கி எறியலாம்னு வந்தது. ஊட்டுக்கு வந்து டீச்சரிடம் சொல்லி அழுதேன். அவங்களாவது எனக்குப் பரிஞ்சு பேசுவாங்கன்னு பார்த்தால், ஆராயி சொன்னதில் என்னங்கம்மா பொய் இருக்குதுன்னு கேட்டாங்க. சாமிக்கு வெச்சதைச் சாமியே வெச்சுக்கட்டும்னு நான் சொன்னதுக்கு, சரஸ்வதி இந்த ஒரு வருஷத்தில் நாப்பத்தி மூணையும் படிச்சு முடிச்சிருக்கும், இனி புள்ளைங்களுக்குக் கொடுக்கலாமேன்னாங்க. அழுகையோடவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சாவியைக் கொடுக்கலை.

இந்த வருஷம் விஜயதசமி ஐப்பசியில் வந்தது. அன்னைக்கேதான் உங்கண்ணனுக்கு வருஷத் திதி. படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வெச்சுக் கூப்பிட்டேன், காக்காய் வந்து தின்னுது. அப்போ ஒண்ணு தோணுச்சு. காக்காய்க்கே அவன் பேரைச் சொல்லிச் சோறு போடுகிறேன், அவன் புள்ளைங்களுக்கு அவன் வெச்சுப்போன குழம்பை ஒரு வருஷமாப் பூட்டி வெச்சிருக்கிறேனேன்னு. கை கூடக் கழுவலை அம்மணி, அந்த ஈரக் கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சரும் புது அட்மிஷன் புள்ளைங்களும் இருந்தாங்க. வெச்சவனுக்குப் பதிலா அவனைப் பெத்தவள் எடுக்கிறேன்னு சொல்லித் தொறந்தேன். சந்தனம் காய்ஞ்சு வெடிச்சிருந்தது. மேலே அவன் வெச்ச பூ சருகாக் கிடந்தது. அந்தச் சருகுக்குப் பக்கத்தில், எந்தப் புத்தகத்திலும் கட்டாத ஒரு பச்சை நூல் தனியாக் கிடந்தது, எட்டு முடிச்சோடு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பூச்சி கொஞ்சம் தின்றிருந்தது. புத்தகத்தை அதிகம் தொடலை, நூலைத்தான் தின்னுப்போச்சு, இருபதுக்கு மேல் அவுந்து கிடந்தது. எது எந்தப் பாடத்துக்குன்னு அவன் எங்கேயும் எழுதி வைக்கலை. டீச்சர் தலையில் கை வெச்சு உட்கார்ந்துட்டாங்க. நான் சொல்கிறேன் எழுதிக்கோங்கன்னு சொன்னேன். பத்து நாள், தறியை நிறுத்திப்போட்டு, பள்ளிக்கூடம் விட்டதும் நானும் டீச்சரும் உட்கார்ந்தோம். அவங்க புத்தகத்தைப் படிப்பாங்க, நாலு வரி கேட்டதும் எனக்கு அவன் குரலே வந்துவிடும், இது சிவப்பு ஆறாவது, இது நீலம் ரெண்டாவதுன்னு சொல்லி முடிச்சுப் போடுவேன். ஞாபகம் வராத நாலைந்துக்கு நாங்களே ரோசனை பண்ணினோம். சண்டையும் வந்தது. படி, மரக்கால் அளக்கிற கணக்கை டீச்சர் ஐப்பசியில் போட்டு வெச்சிருந்தாங்க. ஐப்பசியில் புள்ளைங்க எதை அளக்கும், சேத்தையா, தை மாசம் களத்துக்கு நெல்லு வரும்போது அந்தப் பாடத்தையும் சந்தைக் கதைப் புத்தகத்தையும் சேர்த்து வெய்யுங்கன்னு சொன்னேன். டிரெயினிங்கில் இப்படிச் சொல்லித்தரலையேன்னு முணுமுணுத்துக்கிட்டே மாத்தி எழுதிக்கிட்டாங்க. வகுப்புக்கு ஒரு நாள்னு புத்தக மணி மறுபடி ஆரம்பிச்சது. செவ்வாய்க்கிழமை ஒண்ணாம் வகுப்பு, அதுங்களுக்குப் படத்தைக் காட்டிக் கதை சொல்கிறது நான்தான். ஒரு பயல் என்னையும் டீச்சர்னுதான் கூப்பிடுகிறான்.

நேத்தைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வரும்போதே வெளியில் வண்டி நிக்குது, புத்தகத்தை ஏத்திட்டுப் போகத்தான் கொண்டு வந்திருந்தார். நான் அலமாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துக்கிட்டேன். அலமாரி தொறந்திருக்கிறதைப் பார்த்துவிட்டு, நான் வர்றேன்னு நேத்துத் தொறந்ததா, இல்லை நிஜமாவே படிக்கிறாங்களான்னு கேட்டார். டீச்சர் வாயைத் தொறக்கிறதுக்குள்ளே, மூணாம் வகுப்பு மாரக்காளைக் கூப்பிட்டு, இப்போ என்ன பாடம் நடக்குதுன்னார். அஞ்சாம் பாடம், ஏரிங்கன்னுச்சு. அதுக்கு என்ன புத்தகம்னார். அவள் விறுவிறுன்னு போய் நீல நூலில் அஞ்சு முடிச்சுப் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினாள். பாடத்திலும் ஏரி, இதிலும் ஏரி, அப்புறம் இது எதுக்குன்னு மடக்கினார். அந்தப் புள்ளை கொஞ்சமும் பயப்படலை கண்ணு. பாடத்தில் ஏரியில் தண்ணி இருக்குதுன்னு போட்டிருக்குதுங்க, இந்தப் புத்தகத்தில் ஏரிக்குத் தண்ணி எப்படி வருதுன்னு போட்டிருக்குதுங்க, ஆனா நம்ம ஊர் ஏரியில் தண்ணியே இல்லீங்க, அது ரெண்டுலயும் போடலை, அதனால் டீச்சர் எங்களைக் கூட்டிட்டுப் போய் வாய்க்காலைக் காட்டினாங்க, ஆத்தூரான் தோட்டத்துக்கிட்டே மண்ணு மூடிக் கிடக்குதுங்கன்னு ஒரே மூச்சில் சொல்லி முடிச்சாள். இன்ஸ்பெக்டர் சிரிச்ச சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிப்போச்சு. அப்புறம் மஞ்சள், சிவப்பு, பச்சைன்னு நாலு வகுப்பையும் சோதிச்சார். ஒண்ணாம் வகுப்புப் பொடிசுங்க பேர் படிக்கத் தெரியாமலே சரியான புத்தகத்தைத் தூக்கி வந்து கொடுத்துச்சுங்க. இதை யோசிச்சது யார்னு கேட்டார். டீச்சர் என்னைக் கையைக் காட்டினாங்க. நான் எந்திரிச்சு, என் மகன் செங்கோடனுங்க, நான் முடிச்சுப் போட்டவளுங்கன்னு சொன்னேன். அவர் எந்திரிச்சு நின்னு எனக்குக் கும்பிடு போட்டார். போன தடவை தான் எழுதினதை அடிச்சுப்போட்டு, இந்த நூல் ஏற்பாட்டை மத்த பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க வந்து பார்த்துப் போகோணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். வந்த வண்டி காலியாப் போச்சு கண்ணாத்தா! புள்ளைங்க வண்டிக்குப் பின்னாடியே ஏரிக்கரை வரைக்கும் கத்திக்கிட்டு ஓடுச்சுங்க. ஆராயி சாயங்காலம் ஒரு சொம்பு மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, என் பேரனையும் மஞ்சள் நூலில் சேர்த்துக்கோன்னு சொல்லிட்டுப் போகிறாள். மூணு வயசுதான் ஆகுது அவனுக்கு. வரட்டும்னு சொல்லியிருக்கிறேன்.

நேத்து நான் அழுதேன், இல்லைங்கலை. இதையெல்லாம் பார்க்கிறதுக்கு அவன் இல்லையேன்னு அழுதேன். ஆனால் அது இந்த ஒரு வருஷமா அழுத அழுகை இல்லை, அது வேற. அதனால் நீ கூப்பிட்டதுக்கு என் பதில் இதுதான், நான் அங்கே வரமாட்டேன் அம்மணி. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குது. தலைச்சன் பேறுகாலத்துக்கு நீதான் இங்கே வரோணும், அதுதான் முறையும். தை கடைசியில் மாப்பிள்ளை லீவு போட்டுக் கூட்டிட்டு வரட்டும், ரயிலில் சன்னல் பக்கமா உட்காராதே, கரி கண்ணில் விழும். பச்சை மிளகாயைக் கொறைச்சுக்கோ. சீமையில் சண்டை ஆரம்பிச்சிருக்குதுன்னு டீச்சர் பேப்பர் படிச்சுச் சொல்கிறாங்க, ரயில்காரங்களையும் அதுக்குக் கூப்பிடுவாங்களான்னு மாப்பிள்ளையைக் கேட்டு எழுது, அது ஒண்ணுதான் எனக்கு வெசனம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் செங்கோட்டுவேலவன் துணை இருக்கோணும். நல்ல புள்ளையாப் பெத்து, அது நம்ம பள்ளிக்கூடத்தில் மஞ்சள் நூல் எடுக்கிறதை நான் பார்க்கோணும்.

மறக்காமல் ஒண்ணு செய். அந்தத் தனி நூலைச் சொன்னேனே. நாலாம் வகுப்பில் எட்டாம் பாடம் ரயில். நம்ம ஊரில் முக்கால்வாசிப் புள்ளைங்க ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை, அலமாரியிலும் ரயில் புத்தகம் ஒண்ணும் கிடையாது. பூசைக்குப் போகிற அன்னைக்குக் காய்ச்சலில் உங்கண்ணன் சொன்ன கடைசி வேலை, ஆத்தா, எட்டு முடிச்சுப் போட்ட நூல் ஒண்ணு கொடு, ரயில் புத்தகம் கேட்டுக் கண்ணாத்தாளுக்கு எழுதோணும்னு சொன்னதுதான். எழுதறதுக்குள்ளே போயிட்டான். அவன் கேட்டதை இப்போ நான் கேட்கிறேன். ரயில் படம் நல்லாத் தெரிகிற புத்தகம் ஒண்ணு அங்கே பார்த்து வாங்கி வா. என்ன பாஷையில் இருந்தாலும் பரவாயில்லை, இஞ்சினுக்குள்ளே என்ன இருக்குதுன்னு மாப்பிள்ளை புள்ளைங்களுக்குச் சொல்லட்டும். ரயில் பாடம் மாசியில்தான் வருது, நீ தையில் வந்தால் போதும். நூல் இந்தக் காயிதத்துக்குள்ளேயே இருக்குது, பிரிக்கும்போது கீழே விழுந்துவிடாமல் பார்த்து எடு. புத்தகம் வாங்கினதும் உன் கையாலேயே கட்டிக் கொண்டு வா.

இப்படிக்கு,
செங்கோடனையும் உன்னையும் பெத்த ஆத்தா,
அங்கம்மாள்