உள்ளங்கைப் படம்

அம்மாவுக்கு,

நான் அனுப்பிய கையுறையை நீ போடுவதே இல்லை. பக்கத்து வீட்டு ஹெலன் அக்கா போனில் சொல்லிவிட்டார்: "ஒங்கம்மா இன்னா சொல்லியும் கேக்கல தம்பி. வெறுங்கையிலயே இறா உரிச்சிகினு கீது. வெரலெல்லாம் வெடிச்சிப் போச்சி." கையுறை பெரிதாக இருக்கிறது, கை ஓடவில்லை, எடைக்குத்தான் கூலி என்கிறாயாம்.

முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

நார்வேயில் எங்கள் ஆய்வகத்தில் இறால் ஓட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துப் பாலிமர் எடுத்து, மருந்து சேர்த்துப் புண்ணாற்றும் படலம் செய்கிறோம். உனக்கு அனுப்ப முடியாது, சோதனை முடியவில்லை. போன வாரம் ஒரு சொட்டு சோடா மணிக்கட்டில் தெறித்தது. பயப்படாதே, ஆறிவிட்டது. அதற்கே எல்லோரும் ஓடிவந்து, வேலையை நிறுத்தி, விசாரணை வைத்தார்கள். நாளெல்லாம் ஐஸிலும் குளோரின் தண்ணீரிலும் ஊறும் உன் கைக்கு, உங்கள் இறால் கம்பெனி சூப்பர்வைசர் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னானாம்.

ஓடு வேகும்போது மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நீ வேலைவிட்டு வரும் வாசம் அது. நான் பக்கத்திலேயே நிற்பேன்.

சின்னக் கையுறை வாங்க அளவு வேண்டும். கையருகே தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், மாமல்லபுரம் கடற்கரையில் ஹெலன் அக்கா மகள் நிற்கும் படத்தை அனுப்புகிறாய்.

பஸ் வந்துவிட்டது.

பூபாலன்

உள்ளங்கையை விரித்துக் காட்டு அம்மா. இரண்டு கையையும்.