சின்னப்பொண்ணம்மா சிரித்த படம்

என் கண்ணான தம்பி குமாருக்கு,

நேற்றுக் காலை கள்ளக்குறிச்சியில் உன் ஸ்டூடியோவில் இருந்தவர்கள்: நான், உன் மனைவி கவிதா, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர், கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த ராமசாமிப் பெரியவர். நாலு பேர். சுவரில் மாலையோடு நீ. உன்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நீ போனது பெரியவருக்கு அங்கே வந்துதான் தெரிந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்காவாம்மா நீ? அதே மூஞ்சி. மீசைதான் கம்மி."

உன் காரியம் முடிந்த பிறகு கவிதா சிரித்தது அப்போதுதான். அது அடங்குவதற்குள் வந்த சேதியைச் சொன்னார். "என் பொஞ்சாதி போய்ட்டாம்மா. வெளக்கு ஏத்திக் கும்பிட வூட்ல ஒரு படம் இல்ல. தம்பி எடுத்தாரே, அதைக் குடுத்தா போதும்."

அவர் பொஞ்சாதி சின்னப்பொண்ணம்மாவை உனக்கு மறக்குமா? நீ மலைக்குப் போன முதல் நாள் கேமராவைத் தூக்கி, "ஆயா, கொஞ்சம் சிரிங்க" என்றாயாம். "நீ இன்னா சொன்ன, நான் சிரிக்க? எதுனா சொல்லு, சிரிக்கிறேன்" என்றாளாம். கேமராவைப் பையில் போட்டுவிட்டு, அவள் போட்ட சாமைச்சோற்றைத் தின்றபடி, உன் கல்யாணத்தில் வேட்டி அவிழ்ந்த கதையைச் சொல்லியிருக்கிறாய். அவள் சிரித்து ஓய்வதற்குள் எடுத்த படம் அது. அதற்குப் பிறகு எந்தப் பெரியவரையும் நீ சிரிக்கச் சொன்னதில்லை.

ஆனால் அன்றைக்கே அவள் இன்னொன்றும் சொன்னாளே. "பெருசா போட்டு, பிரேம் பண்ணி எடுத்தாரேன் ஆயா" என்று நீ சொன்னதற்கு, "பெருசு எதுக்கு? கையளவு குடு, நாளைக்கே குடு. நாங்க காத்துக்கினு இருக்கிற வயசா?" என்றாள். அதை மட்டும் ஏன் வேடிக்கைப் பேச்சென்று நினைத்தாய்? நிறம் சரியில்லை, இன்னும் கொஞ்சம் பார்க்கணும் என்று திருத்திக்கொண்டே இருந்தாய். நீயும் போய்விட்டாய், அவளும் போய்விட்டாள்.

"படமெல்லாம் இருந்த டிஸ்க் செத்துப்போச்சுங்க. சென்னைக்கு அனுப்பியும் ஒண்ணும் வரலீங்க" என்றார் ரிப்பேர்காரர். "பொட்டிக்குள்ளதானே இருக்கிறா? தொறக்க முடியாதா?" என்று கேட்டார் பெரியவர்.

மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை வந்தால் படம் கிடைக்கும். சிவப்பு வந்தது. மறுபடி கேட்கக் கூடாது என்பார்கள், கேட்டேன். மறுபடியும் சிவப்பு.

பஸ் ஏறும்போது பெரியவர் சொன்னார்: "அவ கோவமா இருக்கிற மூஞ்சிதாம்மா கண்ணுல நிக்குது. சிரிச்சா எப்படி இருப்பான்னு வர மாட்டேங்குது."

இந்தக் கடிதத்தை உன் நினைவு மலருக்குக் கேட்டவர்கள் உன்னைப் போலப் படம் எடுக்கிறவர்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல? வயதானவர்களை எடுத்தால் முடிந்தவரை சீக்கிரம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். அழகை அப்புறம் பார்க்கலாம்.

படம் கிடைத்தால் நானே மலையேறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன், கையளவு. கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும், எதையும் ரெண்டு காப்பியாக எடுத்து வை அக்கா என்று எனக்குச் சொன்னவன் நீதானே. அந்த ரெண்டாவதை எங்கே வைத்தாய்? கனவில் வந்தாவது சீக்கிரம் பதில் சொல், தம்பி.

உன்னைத் தூக்கி வளர்த்த
சரோஜா அக்கா