கழுவ மறந்த குடுவை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் வேலை போயிருக்க வேண்டியது, போகவில்லை. பாப்பா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆன அன்று, ஆராய்ச்சி செய்யும் சாரின் குடுவை ஒன்றைக் கழுவாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டேன். சாரலில் நனைந்து வெயிலில் காய்ந்து, இரண்டு வாரம் அங்கேயே இருந்திருக்கிறது.

நேற்று சார் அதைக் கையில் எடுத்ததும் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ கூட ஆராய்ச்சி செய்யும் மேடத்தைக் கூப்பிட்டார். முதல் உயிர் எங்கே உண்டானது என்று இருவருக்கும் தினமும் சண்டை. அவர், நனைந்து நனைந்து காயும் குட்டையில் என்பார். மேடம் கடலடியில், வெந்நீர் ஊற்றில் என்பார்.

"பாத்தீங்களா? அடியில மிச்சமிருந்ததெல்லாம் நனைஞ்சு காஞ்சுதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது" என்றார் சார்.

"ஒட்டினா உயிராயிடுமா சார்? பசைகூடத்தான் ஒட்டுது."

நான் சிரித்துவிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு.

"நீங்க யார் கட்சிம்மா?" என்றார் மேடம்.

"எனக்கென்ன தெரியும்? ஆனா ஒண்ணுமே இல்லாத இடத்துலதானே தொடங்கியிருக்கு?"

அதற்கு மட்டும் இருவரும் சேர்ந்து தலையாட்டினார்கள்.

நீங்கள் ஏன் அவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இன்று காலை பாப்பாவின் அறையைத் திறந்து கூட்டினேன். ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா