நாற்பது சேனல்

காவியா அப்பாவுக்கு,

மஸ்கட்டில் புதிதாக வாடகைக்கு வீடு பிடித்து, மாடியில் டிஷ்ஷும் மாட்டியாயிற்று என்று போனில் சொன்னீர்கள். “ஏட்டி, தமிழ் சேனல் நாப்பது தெளிவா வருது. இனி ஒனக்கு இங்கன நல்லாப் பொழுது போவும். பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு.” பதில் சொன்னால் வாய் தவறிவிடும் என்றுதான் போனை வைத்தேன்.

நான் சீரியல் பார்த்து எப்போது கண்டீர்கள்? பார்த்தது உங்கள் அம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

டிஷ்காரனிடம் எத்தனை சேனல் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். வருகிறாயா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பது வருஷமாக இந்த மூன்று ஏக்கர் கரிசலை ஒற்றை ஆளாக உழுது விதைக்கிறேன். இப்போதும் மிளகாய் விதை மண்ணுக்குள் மழைக்குக் காத்துக் கிடக்கிறது. நான் டிவி போடுவது மழைச் செய்திக்கு மட்டும்தான்.

நம் விளாத்திகுளத்தில் மழை பெய்யுமா என்று அந்த நாற்பதில் ஏதாவது ஒன்று சொன்னால், நீங்களே உட்கார்ந்து பாருங்கள். பெய்யும் என்றால் போன் பண்ண வேண்டாம். நான் கரிசல் காட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
பொழுது போதாதவள்