நீ கேட்ட ஞாபகப்பொருள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் மகளும் சௌக்கியம் என்று உன் கடிதத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் அதுதானே.

மீதி அரைப் பக்கத்தில் ஒன்று கேட்டிருந்தாய். ‘நீ ஏதோ ரெசின் கலை கத்துக்கறியாமே, அம்மா ஞாபகமா ஏதாவது அதுல வச்சு அழகா பண்ணி அனுப்பேன், ஹால்ல வைக்கணும்’ என்று. செய்துவிட்டேன். இதோடு வந்திருக்கும் பெட்டியில் இருக்கிறது. பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு.

அம்மா போன பிறகு என் கைக்கு வேலையில்லாமல் போனது. மூன்று வருஷம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட கை. சும்மா இரு என்றால் இருக்குமா? கைவினைக் கடையில் எபாக்ஸி ரெசின் வாங்கினேன், ஊற்றி வைத்தால் கண்ணாடி மாதிரி இறுகும் திரவம். இரண்டு பாட்டில். ஒன்றில் ரெசின், மற்றதில் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர். ‘ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு. கண்ணால அளக்காதீங்க’ என்றார் கடைக்காரம்மா. நான் கண்ணால்தான் அளந்தேன். டம்ளர் வைக்கும் சின்னத் தட்டு ஒன்றை அச்சில் ஊற்றினேன். நாலு நாளாகியும் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அப்போது உன் குரல்தான் கேட்டது. சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னாயே, ‘அவ தொட்ட எது உருப்பட்டிருக்கு? அம்மா முதுகைப் பாத்தீங்களா, ஒரே புண்ணு’ என்று.

புண் வந்தது உண்மை. கடைசி மாதங்களில் படுத்த படுக்கையானதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தேன். அப்படியும் வந்தது.

அடுத்ததை ஆத்திரத்தோடு கலக்கினேன். சோடா மாதிரி நுரைத்து, உள்ளே முழுக்கக் குமிழி. அப்புறம்தான் ஒழுங்காகக் கற்றேன். ஜன்னலைத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் மாட்டி, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, கோடு போட்ட கப்பில் அளந்து, ஓரத்தை வழித்து வழித்து நாலு நிமிஷம். ஆத்திரம் போகவில்லை, அக்கா. அதை வைத்துக்கொண்டே மெதுவாகக் கலக்க வந்துவிட்டது.

உள்ளே வைக்க நீ அம்மாவின் தோட்டை நினைத்திருப்பாய். நான் வைத்தது அம்மாவின் காது மிஷினை.

நடமாடிய நாளில், நீ பேசுவாய் என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அதை மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அது கீச்சென்று கத்தும், காது வலிக்கும், கழற்றமாட்டாள். ‘பெரியவ மெல்லத்தான் பேசுவா’ என்பாள். போன் வராது. மத்தியானம் அப்படியே கண்ணயர்ந்துவிடுவாள். எழுந்ததும் நான், ‘நீ தூங்கறப்போ அக்கா பேசினா, எழுப்ப வேணாம்னுட்டா’ என்பேன். முதல் தடவை அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. உனக்கு ஜலதோஷம், உன் மகள் வாங்கிய மார்க், எல்லாம் நானே கட்டிச் சொன்னேன். வந்தவர்களிடமெல்லாம் அம்மா, ‘பெரியவ வாரம் தவறாம பேசறா. இவதான் எப்பப் பாரு சிடுசிடுன்னு’ என்றாள்.

கடைசியில் நீ வந்து நின்ற நாலு நாளில், சித்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அவ்வளவு தூரத்துல இருந்தும் விடாம பேசினியாமே, நீதான்டி மக’ என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெயர் நான் வாங்கிக் கொடுத்தது, அக்கா. திருப்பி எடுத்துக்கொண்டேன். சித்திக்கும் மாமாவுக்கும் நடந்ததை எழுதிப் போன வாரமே தபாலில் போட்டுவிட்டேன்.

மிஷினில் பாட்டரி இல்லை. மிதக்கக்கூடாதென்று அச்சில் பாதி ஊற்றி, அது இறுகியதும் மிஷினை வைத்து, மேலே மீதியை ஊற்றினேன். காதுக்குள் போகும் சின்னக் குழாயிலிருந்து ஒரு குமிழி வந்து அதன் வாயிலேயே நின்றுவிட்டது. ஊசியால் எடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. மற்றபடி நீ ஒரு குறை சொல்ல முடியாது. மூன்று நாள் இறுகவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறேன். ஹாலில் வை. வருகிறவர்கள் இதென்ன என்று கேட்பார்கள். நீதான் சொல்ல வேண்டும்.

மகள் படிக்க வெளியூர் கிளம்புகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளும் உன்னைப் போலவே இருக்கட்டும் என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாளில் எழுதுகிறேன். அவள் நன்றாக இருக்கட்டும். உன்னோடு பேசட்டும். நீ விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசட்டும். தூங்கி எழும்போது உன்னிடம் பொய் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இப்படிக்கு,
உன் தங்கை