எலி கடித்த ஓரம்

ஜனவரி 9
பழைய மரக்கடையில் இன்று எனக்கு யோகம். இடித்த கட்டடத்திலிருந்து வந்த ஜன்னல் கட்டைகளும் ஒரு கதவும் கிடைத்தன. ஏழெட்டுப் பூச்சு பெயிண்ட், ஒன்றின்மேல் ஒன்று. மேலே அழுக்குப் பச்சை. நகத்தால் சுரண்டினால் உள்ளே ஒரு சிவப்பு — அடடா! எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத சிவப்பு.

"அடுப்புல மட்டும் போட்டுடாதம்மா. போன மாசம் இதை எரிச்சவர் மூணு நாள் தலையைத் தூக்க முடியாம கிடந்தார்" என்றார் கடைக்காரர். எரிக்க இல்லை, ஓவியத்தில் ஒட்டத்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது.

ஜனவரி 14
இந்தப் படத்துக்கு ஒரே சட்டம்தான்: புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. கிழிந்த போர்வை, உரித்த செம்புக் கம்பி, இவர் டிப்போவிலிருந்து கொண்டுவந்த பஸ் சீட்டு ரெக்சின், சுற்றிலும் ஜன்னல் கட்டை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது உதிர்ந்த தூளைக்கூட விடவில்லை. டீ வடிகட்டியில் சலித்துப் பசையில் குழைத்தேன். அதுதான் என் சிவப்பு.

"வடிகட்டி ஏன் இப்படி இருக்கு?" என்றார் இவர். கழுவிட்டேன், சும்மா இருங்க என்றேன். "நல்லவேளை, நான் ஓட்டற பஸ்ஸை வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதில்ல. அதையும் அறுத்து ஒட்டிடுவே."

வீட்டுக் கூடம்தான் என் பட்டறை. எல்லாவற்றின் மேலும் மெல்லிய சிவப்புப் படலம். துடைக்கத் துடைக்க வருகிறது.

ஜனவரி 26
வாலுவுக்கு மேல்வரிசை முன்பல் விழுந்தது. ஆறு வயதுக்கு என் மகளுக்கு இருக்கும் வாய்க்கு இந்தப் பெயர்தான் பொருத்தம். ஒளிந்து விளையாடினோம். சுவரைப் பார்த்து நூறு வரை எண்ண வேண்டும். மூச்சு விடாமல் கடகடவென்று எண்ணி முடித்துவிடுகிறாள். நான் ஒளியவே நேரமில்லை. கேட்டால், "நீதான்மா ஸ்லோ."

பிப்ரவரி 8
படத்தின் கீழ்ச் சட்டத்தை எலி கொறித்திருக்கிறது! வரிசையாகக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள், நடுவில் ஓர் இடம் மட்டும் பள்ளமில்லாமல். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு தள்ளி நின்று பார்த்தேன். பச்சை போய், சாம்பல் போய், சிவப்பு எட்டிப் பார்க்கிறது. நான் ஒரு மாதம் முயன்றும் வராத கோடு. அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 13
பொறி வைத்தோம். ஒன்றும் மாட்டவில்லை.

பிப்ரவரி 19
வாலு சாப்பிடுவதே இல்லை. வயிற்று வலி என்கிறாள். பூச்சி மருந்து கொடுத்தோம். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள். நானும் கத்திவிட்டேன். அவள் முகம் வெளுத்திருப்பது இவர் சொன்ன பிறகுதான் என் கண்ணில் பட்டது.

பிப்ரவரி 20
கொறித்த இடம் ஒரு சாண் நீண்டிருக்கிறது. பொறியில் வைத்த ரொட்டி வைத்தபடியே காய்ந்து கிடக்கிறது. ரொட்டியை விட்டுவிட்டு பெயிண்ட்டைத் தின்கிற எலி எங்கே இருக்கிறது? வேலை தலைக்கு மேல் இருக்கிறது, இதையெல்லாம் யோசிக்க முடியாது.

மார்ச் 2
ஓவியக்கூடத்து நிர்வாகி, கண்ணாடிக்காரம்மா, படம் பார்க்க வந்தார். நேரே குனிந்து அந்த ஓரத்தைத்தான் தடவினார். "இந்தப் பல் தடம்தாங்க படத்துக்கே உயிர். எப்படிப் பண்ணீங்க?"

அது ரகசியம் என்றேன், பெருமையாக. கதவோரம் விரல் சூப்பிக்கொண்டு நின்ற வாலு கிளுக்கென்று சிரித்தாள். ஏனென்று கேட்க எனக்கு நேரமில்லை. கண்காட்சிக்குப் படம் தேர்வாகிவிட்டதே!

மார்ச் 10
டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "கிளாஸ்ல தூங்கித் தூங்கி விழறா. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பறதில்ல. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" பிரச்சினையா? எங்கள் வீட்டிலா? கோபத்தோடு வந்துவிட்டேன்.

மார்ச் 11
காலையில் வண்டி வந்து படத்தை எடுத்துப்போனது. கூடம் வெறிச்சென்று இருந்தது. வாலு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"எதுக்குடி அழறே?"

"என் இனிப்புக் கட்டை போயிடுச்சு."

எனக்குப் புரியவில்லை. புரியவே இல்லை. "என்ன கட்டை?"

"அந்த சிவப்பு இனிக்கும்மா. நீதான் எலி, எலின்னே. நான் சொல்லல."

வாயைத் திறக்கச் சொன்னேன். முன்பல் விழுந்த இடத்தில் ஓட்டை. நடுவில் ஓர் இடம் மட்டும் — கடவுளே. நான் அதை ரசிச்சேனே. உட்கார்ந்து ரசிச்சேனே!

மார்ச் 12
டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல பழைய பெயிண்ட் ஏதாவது சுரண்டினீங்களா?" சொன்னேன். தூளைச் சலித்ததையும், எதில் சலித்தேன் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

மார்ச் 15
ஈயம். அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் கலப்பார்களாம். ரத்தத்தில் துளிகூட இருக்கக் கூடாது. வாலுவுக்கு அளவு அறுபத்திரண்டு. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எனக்கும் இவருக்கும்கூடக் கொஞ்சம் இருக்கிறது, பெரியவர்களுக்கு இந்த அளவில் அவ்வளவு ஆபத்தில்லையாம்.

"ரத்தத்துல இருக்கறதை மருந்து இறக்கிடும். மூளைக்கு என்ன ஆச்சுங்கறதை போகப் போகத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

இவர் வீட்டுக்குப் போய் வடிகட்டியைப் பையில் போட்டு இறுகக் கட்டி வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு முதுகைக் காட்டி வாலுவின் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனுஷன். நாலு அறை அறைந்திருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மார்ச் 22
ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கண்ணாடிக்காரம்மா போன் செய்தார். "உங்க படத்துக்கிட்டதாங்க கூட்டம். சின்னப் பசங்க எல்லாம் அந்த ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்குதுங்க."

நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடி வந்தார். படத்தைக் கழட்டுங்க! யாரும் தொடக் கூடாது! தொட்ட பிள்ளைங்க கையைக் கழுவச் சொல்லுங்க!

ஏப்ரல் 4
டிஸ்சார்ஜ். கூடத்தை மூன்று நாள் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார் இவர்.

ஏப்ரல் 30
ரத்தத்தில் ஈயம் பத்தொன்பதுக்கு இறங்கியிருக்கிறது. டாக்டர் சிரித்தார். வாலுவும் இன்று நன்றாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் அவளாகவே, "ஒளிஞ்சு விளையாடலாமா?" என்றாள். பீரோவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

சுவரில் முகம் வைத்து நிதானமாக எண்ணினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்பது.

சத்தமில்லை. பிறகு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று முதலிலிருந்து. மறுபடியும் இருபத்தொம்பது. மறுபடியும் ஒண்ணு.

"முப்பதுடா கண்ணு" என்றார் இவர், சமையலறையிலிருந்து.

"தெரியும்ப்பா" என்றாள். ஒண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.

நான் பீரோவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன்.